மனு எழுதிய கை செய்தி எழுதுகிறது

சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து இதழியல் படிக்கப் போகும் பிள்ளைகள் வகுப்பில் எதைக் கற்கிறார்கள்? படித்துவிட்டுத் திரும்பினால் ஊரும் பத்திரிகையும் அவர்களை எப்படி நடத்துகின்றன?

பிரதேச செயலகத்தின் வராந்தாவில் குடைகள் வரிசையாகச் சாத்தியிருக்கின்றன. தகரக் கூரையில் மழை விழும் இரைச்சலில், கவுண்டருக்குள் இருப்பவர் பேசுவது இரண்டாவது ஆளுக்கே எட்டவில்லை. வரிசையில் நிற்கும் இளம்பெண்ணின் கையில் பொலித்தீன் பைக்குள் சுற்றிய இரண்டு தாள்கள். முறை வந்ததும் எடுத்து நீட்டுகிறாள். உள்ளே இருப்பவர் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரச்சொல்லித் தாளைத் திருப்பித் தள்ளுகிறார்.

அவள் தாளை எடுக்கவில்லை. தனக்குச் சிங்களத்திலும் எழுதத் தெரியும், ஆனால் பதிலைப் படிக்க வேண்டியவர்கள் தமிழில்தான் படிப்பார்கள், எந்த மொழியில் தகவல் வேண்டும் என்று குறிப்பிடச் சட்டம் இடம் தருகிறது என்று சுத்தமான சிங்களத்தில் சொல்கிறாள். குரல் உயரவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வருகிறார். சிறிது நேரப் பேச்சுக்குப் பின் முத்திரை விழுகிறது. பற்றுச்சீட்டில் திகதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் அதை மடித்து வைக்கிறாள்.

வெளியே குடையைத் தேடிக்கொண்டிருந்த அதே தோட்டத்துப் பெரியவர், "என்னா புள்ள, மனு குடுத்திட்டியா?" என்கிறார்.

"இல்ல மாமா. நம்ம தண்ணித் தாங்கிக்கு எவ்வளவு காசு ஒதுக்குனாங்க, யாருக்குக் குடுத்தாங்கன்னு கேட்டிருக்கேன்."

இதழியல் வகுப்பில் சேருவதற்கு முன் இதே தண்ணீர்த் தாங்கிக்காக இதே அலுவலகத்துக்கு அவள் எழுதிக்கொடுத்தது மனுதான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் உயர்தரம் வரை படித்த பிள்ளை என்பதால் ஊர் மனுக்கள் எல்லாம் அவள் கையெழுத்தில்தான் போகும். "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடியும் கடிதங்கள். கெஞ்சி எழுதிய அந்தக் கை, கணக்குக் கேட்கும் கையாக மாறியதைத்தான் இந்தக் கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் மாணவி தனியொருத்தி அல்லள். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துப் பிள்ளைகள் பலரிடம் காணக்கூடியதை ஒருத்தியின் கதையாகச் சேர்த்திருக்கிறேன். பெயரும் தோட்டமும் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அது இந்தக் கட்டுரையிலேயே வருகிறது.

முதல் வரைவும் மூன்றாம் வரைவும்

உங்கள் ஊரைப் பற்றி ஒரு செய்தி எழுதி வாருங்கள் என்பது இதழியல் வகுப்பில் முதல் வாரத்து வேலை. தோட்டத்துப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவது அநேகமாக இந்த அச்சில் இருக்கும்:

"பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் எழில் கொஞ்சும் மலைகளின் மடியில் வாழும் அப்பாவித் தொழிலாளர்கள் குடிக்க நீரின்றிக் கண்ணீர் வடிக்கின்றனர். நாட்டின் முதுகெலும்பாம் இம்மக்களின் துயர் துடைக்க அதிகாரிகள் கண் திறப்பார்களா?"

இதில் பிள்ளையின் தவறு எதுவும் இல்லை. பாடசாலைக் கட்டுரைப் போட்டியும் மேதின மேடையும் பத்திரிகையின் பழைய பக்கங்களும் அவளுக்குக் காட்டிய தமிழ் இது. விரிவுரையாளர் சிவப்பு மையால் அடிக்கவில்லை. ஓரத்தில் கேள்விகளை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். எத்தனை குடும்பம்? எத்தனை குழாய்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எந்த மாதத்திலிருந்து வரவில்லை? குழாய் யாருடைய பொறுப்பு? அவரிடம் கேட்டாயா? அவர் என்ன சொன்னார்?

மூன்றாம் வரைவில் பச்சைக் கம்பளம் போய்விட்டது. லயத்துக் குடும்பங்களை அவள் வீடு வீடாக எண்ணியிருந்தாள். ஊற்றுக்கண்ணிலிருந்து வரும் குழாய் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று ஏறிப் பார்த்திருந்தாள். தோட்ட ஆபீஸ் பிரதேச சபையையும், பிரதேச சபை தோட்ட ஆபீஸையும் கைகாட்டியதை இரண்டு தரப்பின் வார்த்தையிலேயே எழுதியிருந்தாள். கண்ணீர் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. காலை நாலரை மணிக்கு வாளியோடு இறங்கும் பெண்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் ஆறு மணிப் பிரட்டுக்குத் திரும்பி நிற்க வேண்டும் என்ற ஒரே வரி இருந்தது. அந்த வரி முதல் வரைவில் இல்லை. தன் வீட்டில் தினமும் நடப்பது செய்தியாகும் என்று அவளுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

அந்தக் கைகாட்டலுக்குப் பின்னால் ஒரு சட்டமே இருந்தது என்பதை அவள் பிறகுதான் தேடிப் படித்தாள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தாராளமாகச் செலவிட முடியாதபடி தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை, தோட்டத்துப் பாதையில் ஒரு கூடை மண் கொட்டத் தயங்கியது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பிறகும் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் அலுவலரிடம், சட்டம் மாறிவிட்டதே என்று சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை ஊருக்குள் இருப்பது சின்ன விஷயம் அல்ல.

பெட்டிச் செய்தி: தகவல் கேட்பது எப்படி?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எந்த மொழியில் தகவல் வேண்டும் என்பதைக் குறிப்பிடலாம். எழுத முடியாதவர் வாயால் கேட்டால், தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். தனியார் தோட்டக் கம்பனியின் பதிவேடுகள் இந்தச் சட்டத்துக்குள் நேரடியாக எளிதில் வராது. தொழில் திணைக்களம், பிரதேச செயலகம், பிரதேச சபை வழியாகச் சுற்றிப் போய்த்தான் கேட்க வேண்டும்.

எங்கே படிக்கிறார்கள்?

பாடசாலையில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாகவே இருக்கிறது. விஞ்ஞானப் பிரிவோ கணிதப் பிரிவோ தமிழ்மொழியில் இல்லாத பாடசாலைகளில் கலைப்பிரிவுதான் ஒரே வழி என்பதால், விரும்பியும் வேறு வழியின்றியும் அதை எடுப்பவர்கள் உண்டு. அதற்கு மேல் படிக்க சப்ரகமுவவை விட்டு வெளியேற வேண்டும். கொழும்பில் இலங்கைப் பத்திரிகை ஸ்தாபனத்தின் கீழ் 2004இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் டிப்ளோமா நடத்திவருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகப் பயிற்சி உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை உண்டு. பெலிஹுலோயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இயங்கினாலும், பக்கத்து மலைத் தோட்டத்துப் பிள்ளை செய்தி எழுதக் கற்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

வாடகை அறையும் பஸ் காசும் சாப்பாடும் அம்மாவின் சம்பளத்திலிருந்து போகின்றன. பெண்பிள்ளை என்றால் கொழும்பில் எங்கே தங்குவாள் என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். பக்கத்துத் தோட்டத்து அக்கா யாராவது ஒருத்தி அங்கே வேலை செய்தால்தான் வீட்டில் சரி என்பார்கள். இல்லையென்றால் அனுமதிக் கடிதம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதுவும் அந்தக் கடிதம் நாள் தப்பாமல் வந்து சேர்ந்திருந்தால்தான். தனி விலாசம் இல்லாத லயங்களுக்குத் தோட்டத்தின் பெயரில் வரும் தபால், கைமாறிக் கைமாறிப் பிந்தி வருவது பழைய குறை.

அம்மாவின் வேலையே முதல் கட்டுரை

மலையகம் என்றால் தேயிலை, தேயிலை என்றால் நுவரெலியா, ஹட்டன். கொழும்பின் ஆசிரிய மேசைகளில் மட்டுமல்ல, தமிழ் வாசகர் மனத்திலும் இந்தப் படம்தான் இருக்கிறது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தேயிலையோடு இறப்பர் மரங்களுக்கு நடுவே வாழும் தமிழர்கள் இந்தப் படத்தின் ஓரத்தில்கூட வருவதில்லை. நம் மாணவி வகுப்பில் இதை உடைத்த இடம்தான் அவள் எழுத்து திரும்பிய இடம் என்று நினைக்கிறேன்.

சம்பளம் பற்றி எல்லோரும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று வந்தபோது, மற்ற மாணவர்கள் நாட்சம்பளத்தின் வரலாற்றை எழுதினார்கள். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா, தொழிற்சங்கம், கம்பனி, சம்பள நிர்ணய சபை. அவள் மழையைப் பற்றி எழுதினாள்.

அம்மா செய்யும் இறப்பர்ப் பால் வெட்டு விடியுமுன் தொடங்குகிறது. குளிரில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் வடிவது குறைந்து நின்றுவிடும். பட்டையை ஆழம் தப்பாமல் சீவ வேண்டும். கொஞ்சம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. அம்மாவின் வலது பெருவிரல் அடியில் அந்தக் கத்தி போட்ட தடிப்பு இருக்கிறது. இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை பிடித்தால் சிரட்டையில் இருக்கும் பால் வழிந்து போய்விடும். மரத்துக்கு மழைக்காப்பு கட்டிய மலைகளில் வெட்டலாம், கட்டாத மலைகளில் இல்லை. சப்ரகமுவ நாட்டிலேயே அதிகம் மழை பெறும் பகுதிகளில் ஒன்று. ஆகவே ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற தலைப்புக்குப் பக்கத்தில், மாதத்தில் எத்தனை நாள் என்ற கேள்வியையும் வைக்காவிட்டால் அந்தச் செய்தி பாதிச் செய்தி.

அம்மாவின் வேலைநாள் துண்டுகளை மாதவாரியாக அடுக்கி, மழை மாதங்களுக்கும் காய்ந்த மாதங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை எடுத்து எழுதினாள். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சேர்" என்று கூச்சத்தோடுதான் கொடுத்தாள். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. கொழும்புப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஹட்டன் பிள்ளைக்கும் தெரியவில்லை.

கல்லூரி அவளுக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்தது என்பதைவிட, தன் வீட்டில் கிடந்ததற்கு விலை இருக்கிறது என்று காட்டியது என்பேன். செய்தித் தலைப்பின் இலக்கணத்தை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். எதைக் கேட்க வேண்டும் என்ற அறிவு பால் வாளி தூக்கிய வீட்டில்தான் கிடைக்கிறது.

இரண்டு நாக்கு

2012 கணக்கெடுப்பின்படி இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டங்களிலும் சிங்களவர் 85 வீதத்துக்கு மேல். தோட்டத்தைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். கடை, பஸ், ஆஸ்பத்திரி, பொலிஸ் எல்லாமே சிங்களம். தோட்டத்துப் பிள்ளைகள் கணிசமானோர் சிங்களப் பாடசாலைக்கே போகிறார்கள். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தடுமாறும் ஒரு தலைமுறை இங்கே வளர்ந்திருக்கிறது. இதைப் பெரியவர்கள் இழப்பாகத்தான் பேசுவார்கள். இழப்புத்தான், சந்தேகமில்லை.

ஆனால் செய்தித் தொழிலில் அதன் மறுபக்கம் தெரிகிறது. பொலிஸ் நிலைய முறைப்பாட்டுப் புத்தகமும் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும் நீதிமன்றப் பதிவும் சிங்களத்தில் இருக்கின்றன. அவற்றைத் தானே படிக்கக்கூடிய தமிழ்ச் செய்தியாளர், மொழிபெயர்ப்பாளரின் தயவில் நிற்பதில்லை. சிங்கள ஊடகத்து நண்பருக்குத் தோட்டத்துச் செய்தியைச் சரியாக எடுத்துச் சொல்லவும் அவரால் முடியும். யாழ்ப்பாணத்து மாணவருக்கோ மட்டக்களப்பு மாணவருக்கோ எளிதில் வாய்க்காத பலம் இது. நம் மாணவி தமிழ் எழுத்தில் ஒற்றுப்பிழை விட்டு வெட்கப்பட்ட அதே வகுப்பில், சிங்களத்தில் வந்த ஒரு வர்த்தமானியை வாசித்து எல்லோருக்கும் பொருள் சொன்னாள். தன் சிங்களத்தை அவள் மறைக்காமல் பேசியது அன்றிலிருந்துதான்.

அப்பா பிரட்டில் நிற்கிறார்

இனி, பெயர் சொல்லாத காரணம்.

பயிற்சிக் காலத்தில் அவள் எழுதிய தண்ணீர்ச் செய்தி ஒரு பத்திரிகையில் அவள் பெயரோடு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பக்கத்தைக் கத்தரித்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். மறுநாள் காலைப் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை அவள் அப்பாவிடம் கேட்டார்: "ஒன் மக பேப்பர்ல எல்லாம் எழுதுறாளாமே?"

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. கேட்டவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அப்பாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. இருக்கும் வீடு தோட்டத்தின் வீடு. கூரைத் தகரம் மாற்ற வேண்டுமென்றால் தோட்ட ஆபீஸில்தான் கேட்க வேண்டும். தம்பிக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டிருக்கிறது. சேமலாப நிதிக்கான படிவத்தில் கையெழுத்து வேண்டும். நகரத்தில் ஒரு செய்தியாளருக்கு அலுவலகம் வேறு, வீடு வேறு, எழுதப்படுகிற ஆள் வேறு. லயத்திலிருந்து எழுதுகிறவளுக்கு மூன்றும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன.

மாலையில் தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் வந்தார். பேப்பருக்குப் போகுமுன் தன்னிடம் சொல்லியிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாமே என்பது அவர் மனக்குறை. அவரும் கெட்டவர் அல்லர். குறைகள் எல்லாம் தன் வழியாக மேலே போவதில்தான் அவருடைய மதிப்பு இருக்கிறது.

பாட்டிதான் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். 1977இலும் 1983இலும் இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்ததையும், பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனதையும் கண்ட தலைமுறை அவருடையது. ஊரோடு ஒத்துப் போ, பெயர் வெளியே தெரியாமல் இரு என்பதே அந்தத் தலைமுறை பிள்ளைகளுக்குக் கொடுத்த சொத்து. அதை விட்டுவிடச் சொல்லும் உரிமை வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு உண்டா என்று யோசிக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது அதற்குப் பிறகு வந்தது. தோட்டத்தில் பிள்ளைகள் படிப்பை நடுவில் விட்டு வீட்டுவேலைக்கும் கடைவேலைக்கும் போவதைப் பற்றி எழுத நினைத்தாள். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி கொழும்பில் வேலைக்கு இருந்த வீட்டில் தீக்காயங்களுக்கு ஆளாகி இறந்தபோது, அவளுடைய பெயரையும் படத்தையும் ஊடகங்கள் போட்டி போட்டுப் பிரசுரித்ததை வகுப்பில் அலசியிருந்தார்கள். அந்தப் பாடத்தோடுதான் ஊருக்கு வந்தாள். பெயர் போடமாட்டேன், படம் எடுக்கமாட்டேன், எந்தத் தோட்டம் என்று தெரியாதபடி எழுதுவேன் என்று தாய்மாரிடம் சொன்னாள். "நம்ம அசிங்கத்த நாமளே எழுதணுமா?" என்று சொந்த அத்தையே கேட்டார்.

தோட்ட ஆபீஸைக் கேள்வி கேட்கும் துணிச்சல் அநேகருக்கு வந்துவிடுகிறது. சொந்தச் சனத்தின் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதுவது வேறு வகைத் துணிச்சல். அந்தக் கட்டுரையை அவள் எழுதி முடிக்கப் பல மாதங்கள் ஆயின. வறுமையைச் சொல்லி நிறுத்திவிடாமல், தரகர் எப்படி வருகிறார், முற்பணம் எப்படிக் கைமாறுகிறது, அருகில் உயர்தர வகுப்புள்ள தமிழ்ப் பாடசாலைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று எழுதினாள். அத்தையிடம் முதலில் வாசித்துக் காட்டினாள். அத்தை இரண்டு இடங்களைத் திருத்தினார், இரண்டும் சரியான திருத்தங்கள்.

பெட்டிச் செய்தி: முன்னே நடந்தவர்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர் (1887–1947) 1920களில் தேசநேசன், தேசபக்தன் இதழ்களை நடத்தித் தோட்டத் தொழிலாளர் நிலையை எழுதினார். வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் போய் நிலைமையை அறிந்தார் என்று சொல்வார்கள். மனைவி மீனாட்சி அம்மை அவரோடு எழுத்திலும் மேடையிலும் நின்றவர். மடகும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) கவிஞராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தொழிற்சங்கவாதியாகவும் பத்திரிகையாளராகவும் இருந்தார். 1930இல் தொடங்கிய வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் 1960களில் தோட்ட மஞ்சரி பகுதியை நடத்தினார். அப்போது நடந்த மலையகச் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' தொகுப்பாயின. அந்தப் போட்டிகளில் தெரியவந்தவர்களில் ஒருவர் தெளிவத்தை ஜோசப் (1934–2022).

நிலம் சரிந்த நாள்

பெயர் இல்லாமல் வரும் செய்திக்கும், வராமலே போகும் செய்திக்கும் என்ன விலை என்பதைப் புரிய 2016 மே 17ஐ எடுத்துக்கொள்ளலாம். அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. நாடே அதைப் பார்த்தது. அதே நாளில் அதே மாவட்டத்தில் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்து லயம் ஒன்றும் மண்ணுக்குள் போனது. பத்துக்கு மேற்பட்ட உயிர்கள். அரநாயக்கவின் துயரம் பெரியது, அதைக் குறைத்துப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் களுபானவில் இறந்தவர்கள் யார், எஞ்சியவர்கள் எந்தப் பாடசாலையில் தங்கினார்கள், அவர்களுக்கு வீடு எப்போது வந்தது, எங்கே வந்தது என்று தொடர்ந்து எழுதுவதற்கு அங்கேயே வாழும் ஆள் வேண்டும். 2014இல் மண் சரிந்து லயங்களை மூடிய மீரியபெத்தைக்குப் போன கமெராக்களும் ஒரு கிழமையில் திரும்பிவிட்டன. பேரிடரை எழுதுவது முதல் மூன்று நாள் வேலை அல்ல என்பதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகான மூன்றாம் மாதத்துக்கும் மூன்றாம் வருடத்துக்கும் சம்பளம் யார் தருவது என்பதை யாரும் சொல்வதில்லை.

படித்து முடித்த பிறகு

டிப்ளோமா கையில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிப் பிரதேசச் செய்தியாளராக எழுதலாம். மாதச் சம்பளம் இல்லை. வந்த செய்திக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. செய்தி எடுக்கப் போன பஸ் காசையும் தொலைபேசிச் செலவையும் கழித்தால் மிஞ்சுவது சிலசமயம் ஒன்றுமில்லை. ஆகவே இந்தப் பகுதியின் செய்தியாளர்களில் பலர் ஆசிரியர்களாகவோ கடைக்காரர்களாகவோ காப்புறுதி முகவர்களாகவோ இருந்துகொண்டு, மிஞ்சிய நேரத்தில் எழுதுகிறார்கள். அவர்களின் உழைப்பில்தான் இரத்தினபுரிச் செய்தியும் கேகாலைச் செய்தியும் நமக்குக் கிடைக்கின்றன. அவர்களை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் வேறு தொழிலால் வயிறு நிரப்பும் செய்தியாளர், அந்தத் தொழில் தருபவரைப் பற்றி எழுத முடியாது.

இல்லாவிட்டால் கொழும்பிலேயே தங்கலாம். வானொலிச் செய்திப் பிரிவு, தொலைக்காட்சி, இணையத்தளம். அங்கே அவளுக்கு நல்ல வேலை கிடைக்கும், இரண்டு மொழி தெரிந்தவள் என்பதால் சீக்கிரமே கிடைக்கும். வீட்டுக்கு மாதம் தவறாமல் காசு போகும். அம்மா கத்தியைக் கீழே வைக்கலாம். இதைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையை யாரும் பழிக்கக் கூடாது. ஆனால் மழை நாளில் பால் வெட்டு இல்லை என்று தெரிந்த ஒரே ஆளும் ஊரில் இல்லாமல் போகிறாள்.

மூன்றாவது வழியாக யூடியூப்பும் முகநூலும் வந்திருக்கின்றன. தோட்டத்து இளைஞர்கள் கைபேசியோடு போய் நேரலை போடுகிறார்கள். உடைந்த பாலத்தை நாட்டுக்குக் காட்டியவர்கள் அவர்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு வீட்டுச் சண்டையையும் அதே வேகத்தில் காட்டிவிடுகிறார்கள். அழும் தாயின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படித்து வந்த பிள்ளை ஊரில் இருந்திருந்தால், ஒரு சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் உட்கார்ந்து அவளே சொல்லிக்கொடுத்திருப்பாள்.

கொழும்பு மேசை செய்யக்கூடியது

கார்மேகம் காலத்தில் தோட்டத்து இளைஞர்களுக்கு இதழியல் கல்லூரி இல்லை. ஒரு பத்திரிகைப் பக்கமும், எழுதுங்கள் என்று ஓர் ஆசிரியரின் அழைப்பும், பரிசும் இருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எழுத்தாளர் தலைமுறையே வந்தது. இன்று கல்லூரி இருக்கிறது, அந்தப் பக்கம்தான் இல்லை. மலையகத்துக்கென்று இதழ்கள் ஒதுக்கும் பக்கங்களிலும் சப்ரகமுவவுக்குக் கிடைப்பது மூலையில் ஒரு பத்தி.

பெரிய செலவு வேண்டாத சில காரியங்களையாவது ஆசிரியபீடங்கள் உடனே செய்யலாம். தோட்டத்துக்குள் வாழும் செய்தியாளரின் பெயரைப் போடுவதா விடுவதா என்பதை ஒவ்வொரு செய்திக்கும் அவரிடமே கேட்க வேண்டும். பெயரை மறைத்தால் கொடுப்பனவை மறைக்கக் கூடாது. தொடர்ந்து எழுத வேண்டிய செய்திக்கு, அது அச்சேறினாலும் இல்லாவிட்டாலும் பயணச் செலவைக் கொடுக்க வேண்டும். வெட்டிச் சுருக்கிய பகுதியை ஏன் வெட்டினோம் என்று தொலைபேசியில் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். டிப்ளோமா முடித்த பிள்ளை அடுத்த வருடம் எப்படி எழுதுகிறாள் என்பது அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. கல்லூரிகளும் பயிற்சிக் காலத்தைக் கொழும்பு அலுவலகங்களோடு நிறுத்தாமல், அதில் ஒரு பகுதியை அவிசாவளையிலோ பலாங்கொடையிலோ ஓர் அனுபவமுள்ள செய்தியாளருக்குக் கீழே வைக்கலாம். ஊரில் இருந்துகொண்டே வேலை செய்யும் ஒருவரைப் பார்க்காத பிள்ளை, ஊரில் இருந்து வேலை செய்ய முடியும் என்று எப்படி நம்பும்?

நம் மாணவியின் தகவல் கோரிக்கைக்குப் பதில் வந்துவிட்டது. தாங்கிக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, பாதி வேலைக்குக் கொடுப்பனவும் முடிந்திருக்கிறது. எந்தப் பாதி என்று அதில் இல்லை. அடுத்த கேள்வியை எழுதிவிட்டாள், இம்முறை பிரதேச சபைக்கு. கொழும்பில் ஒரு வானொலி நிலையம் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது. பதிலுக்கான 14 வேலை நாட்கள் முடியுமுன்னே அந்தத் தேர்வு.